ஏழாம் பகுதியில் இருந்த எண்

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நலம். நீங்களும் வீட்டில் உள்ளோரும் நலமாக இருக்க விழைகிறேன். இக்கடிதத்தில் உள்ளவை:

1. பகிர்வுப் பொத்தான்கள்
2. என் தலைப்புகளுக்கு நேர்ந்த கதி
3. எண்ணிக்கைப் பெட்டி
4. திங்கட்கிழமை காலை நடந்தது
5. பகிர்பவர்களைப் பற்றி என் நிலையான கருத்து
6. ஒரு கோரிக்கை

கோபத்தில் வரிசை பிசகிவிடக் கூடாதே என்று முதலில் தனித்தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டேன். கோபப்படுவது சரிதானா என்றும் இரண்டு நாள் யோசித்தேன். சரி என்றே படுகிறது, தவறாகவும் இருக்கலாம். கைபேசியில் கோபப்பட எனக்கு வராது. போன மாதம் உங்களோடு சண்டை போட நினைத்துக் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவைத்தது நினைவிருக்கும். ஆகவே தபால்.

முதலாவது. ‘படிப்படியாக’ என்ற என் வலைப்பூவை நடத்த உதவியது நீங்கள்தான், மறுக்கவில்லை. பம்ப் நிறுவனத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கையேடு எழுதிவிட்டு ஓய்வுபெற்றவனுக்கு, வீட்டு மோட்டார், குழாய், வால்வு பற்றி இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் எழுத ஓர் இடம் அமைத்துக் கொடுத்தீர்கள். ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் பிடுங்கி எறிந்த பகிர்வுப் பொத்தான்களை, என்னைக் கேட்காமல், புதிய கருவி ஒன்றைப் பொருத்தி மறுபடி கொண்டுவந்து ஒட்டியிருக்கிறீர்கள். இப்போது அவை ஓரமாக நிற்பதுகூட இல்லை. நான் பக்கத்தில் கீழே இறங்கினால் அவையும் கூடவே இறங்குகின்றன. பேருந்து நிலையத்தில் பேனா விற்பவர்கூட ஒருமுறை வேண்டாம் என்றால் நகர்ந்துவிடுவார்.

இரண்டாவது. ‘ஒருவழி வால்வில் கசிவு: கண்டறிதலும் சரிசெய்தலும்’ என்பது நான் வைத்த தலைப்பு. அந்தக் கருவி அதை ‘உங்கள் வால்வு உங்களுக்குத் துரோகம் செய்கிறதா? இந்த ஐந்து அறிகுறிகளைப் பாருங்கள்!’ என்று மாற்றி ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறது. என் அனுபவத்தில் எந்த வால்வும் யாருக்கும் துரோகம் செய்ததில்லை. தவிர, அறிகுறிகள் நான்குதான்.

மூன்றாவது. ஒவ்வொரு பதிவின் கீழும் ‘இதுவரை 0 பேர் பகிர்ந்துள்ளனர்’ என்று ஒரு பெட்டி. ஒருவன் வீட்டு வாசலில் ‘இங்கே யாரும் வருவதில்லை’ என்று பலகை மாட்டுவது என்ன மரியாதை?

நான்காவதுக்கு வருகிறேன். மேற்சொன்னவற்றை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குக் கணினியைத் திறந்தேன். பழைய பதிவுகளைத் தானாகவே எடுத்துப் புதிதுபோலப் பரப்பும் வசதி அந்தக் கருவியில் இருக்கிறதாம். அது போய் எதை எடுத்தது என்று உங்களுக்குத் தெரியும். நான்கு ஆண்டுகளுக்கு முன் உங்கள் அக்காவின் அறுவை சிகிச்சை நாளில், பி நெகட்டிவ் இரத்தம் வேண்டும் என்று நான் எழுதிய பதிவை. மேலே ‘அவசரம்’ என்று ஒரு சிவப்புப் பட்டையும் கட்டி.

மதியத்துக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பகிர்ந்துவிட்டார்கள். ‘விரைவில் குணமடைய வாழ்த்துகள் அம்மா’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவள் போய் மூன்று ஆண்டுகளும் ஒரு மாதமும் ஆகின்றன. அந்த வரியைப் பார்த்துவிட்டு நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் நின்றேன்.

ஐந்தாவது. அன்று நான் வீட்டிலிருந்து பதிவை எழுதினேன். நீங்கள் மருத்துவமனையில் இருந்ததால் உங்கள் எண்ணைக் கொடுத்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது பேர் பகிர்ந்தார்கள். ஒருவர்கூட அழைக்கவில்லை. ஒருவர்கூட வரவில்லை. மருத்துவமனை இரத்த வங்கியே எப்படியோ கொடுத்தது என்று மாலையில் நீங்கள்தான் சொன்னீர்கள். அன்று நான் கண்டறிந்தது இதுதான்: பகிர்வது என்பது, செய்யாமலே செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வதற்கு ஒரு வழி. கட்டைவிரலைச் சற்று அசைத்துவிட்டு, மனசு நிறைந்து, தூங்கப் போய்விடுகிறார்கள். அவள் மறைந்த மாதத்தில், பகிர்ந்தவர்களில் எனக்கு நேரில் தெரிந்த நாற்பத்தாறு பேரின் பெயரை வரிசை எண்ணோடு ‘பகிர்ந்தவர்கள், வராதவர்கள்’ என்று வெளியிட்டேன். அது இன்றும் இருக்கிறது, இருக்கும். இந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் தெரிந்தவர்களைத் தேர்ந்து இரண்டாம் பட்டியல் தயாரித்துவிட்டேன். மார்ச் முதல் தேதி வெளியாகும்.

ஆறாவது. வலைப்பூவின் கடவுச்சொல்லை எனக்கு அனுப்பிவைக்கவும். நீங்கள் பதிந்து கொடுத்தபடியே என் கணினி தானாக உள்ளே போய்விடுகிறது. சொல் எனக்குத் தெரியாது. இனி நானே பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவர்

பி.கு.: திங்கட்கிழமையிலிருந்து உங்கள் எண்ணுக்கு ஓர் அழைப்பாவது வந்ததா? பதிவுக்காகக் கேட்கிறேன்.


பிப்ரவரி 14

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதம் வந்தது. ‘மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு’ என்று பார்த்ததும், வக்கீல் நோட்டீஸ் விலாசம் மாறி வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். முப்பது வருஷமாக மாப்பிள்ளை, வா, போ என்று கூப்பிட்ட மனுஷர் திடீரென்று ‘நீங்கள்’ போட்டால் எப்படித் தாங்குவது? அடித்திருந்தால்கூடத் தேவலாம்.

வழக்கம்போல் கடையில் பாழான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கம் யாரோ ஒருவருடைய வீட்டு வரைபடம், குளியலறை பாதியோடு நிற்கிறது. கண்டுகொள்ளாதீர்கள்.

அந்தப் பழைய பதிவு வசதியை அன்றே நிறுத்திவிட்டேன். எது அதிகம் பகிரப்பட்டதோ அதைத்தான் அது முதலில் எடுக்குமாம். யோசிக்காமல் விட்டது என் தப்பு. ‘வாழ்த்துகள் அம்மா’வை நானும் பார்த்தேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அதற்கு மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போனால் போதாது. ஆனாலும் மன்னியுங்கள்.

வால்வு தலைப்புக்கும் மன்னிப்பு. அறிகுறி நான்குதான் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

எதற்கு இதையெல்லாம் செய்தேன் என்று கேட்கவே இல்லையே நீங்கள்? போன மாதம் ஒருவர் கிழிந்து போன பம்ப் கையேடு ஒன்றை நகலெடுக்கக் கொண்டுவந்தார். “இதப் பாத்து நானே மோட்டார சரி பண்ணிட்டேங்க. எழுதினவன் நல்லா இருக்கணும்” என்றார். பார்த்தால் உங்கள் கையேடு! எழுதியவர் என் அத்தான் என்றேன். நம்பவில்லை. வலைப்பூவைக் காட்டினேன். ஒரு நாளைக்கு ஒன்பது பேர் வருகிறார்கள் அங்கே. அதில் ஒருவர் நீங்கள், ஒருவர் நான். எனக்கு மனசு கேட்கவில்லை. அதுதான் கதை.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: அழைப்பு எதுவும் வரவில்லை. அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். இரண்டாம் பட்டியல் வேண்டாம். முதல் பட்டியலையும் எடுத்துவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். என் அக்கா புருஷனாக எனக்கு இதுவரை எதுவும் மறுத்ததில்லை, இதையும் மறுக்காதீர்கள்.

முட்டிவலி எப்படி இருக்கிறது? லிஃப்ட் இருக்கும்போது படியேறாதீர்கள்.

உங்கள்,
மாப்பிள்ளை (பதவி பறிக்கப்படவில்லை என்றால்)


பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இதில் உள்ளவை:

1. ஐந்தாவது கருத்து நிரூபணமானது
2. லிஃப்டில் நடந்த பேச்சு
3. கடவுச்சொல் இன்னும் வரவில்லை என்பது

முதலாவது. ‘அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை’ என்ற தங்கள் வாக்கியத்தைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். நான்கு ஆண்டு இடைவெளியில், ஒரே சோதனை, இரண்டு முறை, ஒரே முடிவு. ஆயிரத்து நூற்று நாற்பதும் முந்நூற்றுப் பன்னிரண்டும் சேர்ந்து ஆயிரத்து நானூற்று ஐம்பத்திரண்டு பேர். அழைத்தவர் சுழியம். நிறுவனத்தில் ஒரு வால்வு இந்த விகிதத்தில் செயல்பட்டிருந்தால் மொத்த உற்பத்தியையும் திரும்பப் பெற்றிருப்போம். அப்படியிருக்க, ஏன் என்று கேட்காமல் பட்டியலை எடு என்கிறீர்கள். காரணம் சொல்லாமல் ஒரு திருகைக்கூட நான் கழற்றச் சொன்னதில்லை. ஒவ்வொரு படிக்கும் அடைப்புக்குறிக்குள் ‘ஏனெனில்’ என்று எழுதுவேன். தாங்கள் அறிவீர்கள்.

இரண்டாவது. எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஓவிய ஆசிரியை ஒருவர் இருக்கிறார், தங்களுக்கும் தெரிந்திருக்கும். பட்டியலில் பதினேழாவது பெயர். மூன்று ஆண்டுகளாக எங்களுக்குள் பேச்சில்லை. நான் வருவதைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார், நான் பலகையில் உள்ள அறிவிப்புகளைப் படிப்பேன். செவ்வாயன்று லிஃப்டில் இருவரும் மட்டும் மாட்டிக்கொண்டோம். அவரே ஆரம்பித்தார்.

“சார், உங்க வீட்டம்மா பதிவு மறுபடி வந்திருக்கே. யாரோ விஷயம் தெரியாம போட்டுட்டாங்க போல. பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

“நீங்களும் மறுபடி பகிர்ந்தாச்சா?” என்றேன். இப்படிப் பேசுகிறவன் நானில்லை. சொன்ன பிறகு என் வாயா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

“இல்ல சார்” என்றார், கோபித்துக்கொள்ளாமல். “அன்னிக்கு எந்த நம்பருக்குக் கூப்பிடறதுன்னு ஒரு மணி நேரம் தேடினது ஞாபகம் வந்துச்சு. அவ்வளவுதான்.”

“ஏழாம் பகுதியில தெளிவா இருக்கு.”

“ஏழாம் பகுதியா!” என்று சொல்லிச் சிரித்தார். லிஃப்ட் திறந்தது, போய்விட்டார்.

சிரிக்கிறார்! ஓர் உயிர் போகிற அவசரத்தில் பக்கத்தைக் கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர், நான்கு ஆண்டு கழித்து அதைச் சொல்லிச் சிரிக்கிறார். மேலே வந்ததும் கணினியில் பதிவைத் திறந்து பார்த்தேன். ஒருவேளை நான்தான் தவறோ என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் இல்லை. ஏழாம் பகுதி, ‘தொடர்பு’, முதல் வரி, தங்கள் எண், பத்து இலக்கங்களும். பக்கத்தை அச்செடுத்து, ஏழாம் பகுதிக்குச் சிவப்புக் கோடு போட்டு, அவர் கதவுக்கடியில் செருகிவிட்டு வந்தேன். படியேறித்தான் வந்தேன், முட்டி வலித்தது. அந்த வலி நியாயமான வலி.

மூன்றாவது. கடவுச்சொல்லை அனுப்பும்படி மறுபடி கேட்டுக்கொள்கிறேன். மார்ச் முதல் தேதிக்குள் வராவிட்டால், தங்களுக்கும் எனக்கும் இருந்த உறவு தங்கள் அக்கா வழியாக வந்தது, அவளோடு முடிந்தது என்று எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவராக இருந்தவர்


பிப்ரவரி 25

அத்தான்,

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள். பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்த்தாயிற்றா? நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆயிரத்து நூற்று நாற்பது பேர் கைபேசியில் பார்த்தது அதுதான். மேலே ஒரு படம்: மோனோபிளாக் பம்பின் குறுக்குவெட்டுத் தோற்றம். பதிவில் வேறு படம் இல்லாததால் வலைப்பூவின் முகப்புப் படத்தை அதுவே எடுத்துக்கொண்டது. அதற்குக் கீழே தலைப்பு: ‘ஓர் உதவி கோரல்: விவரங்கள் ஏழு பகுதிகளில்’. அதற்கும் கீழே சின்ன எழுத்தில், ‘இப்பதிவில் உள்ளவை: 1. முன்னுரை 2. நோயாளி பற்றி 3. இதுவரை பெற்ற சிகிச்சை 4. இரத்த வகைகள்: ஓர்’.

‘ஓர்’. அதற்கப்புறம் புள்ளி புள்ளி புள்ளி. அவ்வளவுதான் அத்தான்.

எந்த வகை ரத்தம், எந்த ஆஸ்பத்திரி, யாரைக் கூப்பிட, எதுவும் இல்லை. அதை அழுத்தி உள்ளே போனாலும் மறுபடி அதே பொருளடக்கம், அதே பம்ப், கட்டைவிரல் அளவுக்குப் பகிர்வுப் பொத்தான்கள். அதற்கும் கீழே எறும்பு அளவில் ‘மேலும் வாசிக்க’. ஏழு பகுதியும் அந்த மடிப்புக்குள்ளே. அந்த மடிப்பை வைக்க அதற்கு முந்தின வாரம்தான் நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். நீங்கள் பார்ப்பது எழுதுகிறவருடைய பக்கம். அங்கே மடிப்பு தெரியாது, எல்லாம் விரிந்தே இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஏழாம் பகுதி உங்கள் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது.

உங்களைத் தெரிந்தவர்கள் ‘எங்க சார் வீட்ல ஏதோ உதவி வேணுமாம்’ என்று மேலே ஒரு வரி எழுதிப் பகிர்ந்தார்கள். அந்தப் பக்கத்தில் அவர்களால் செய்ய முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

அழைப்பு வரவில்லை என்று நான் எழுதியது உண்மை. யாரும் வரவில்லை என்பது பொய். அது நான் சொன்ன பொய்.

பதினேழாவது பெயர் அன்றைக்கு மதியம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எண் கிடைக்காமல் தேடிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் இருந்தே உங்கள் காவலாளிக்குப் போன் செய்து எந்த ஆஸ்பத்திரி, என்ன வகை ரத்தம் என்று கேட்டுக்கொண்டு, நேராக வந்துவிட்டார். வார்டு வார்டாக விசாரித்து என்னைப் பிடித்தார். கூட அவருடைய தம்பி. பஸ் டிரைவர், சீருடையோடு. “எனக்கு பி நெகட்டிவ்தான். வண்டிய மாத்தி விட்டுட்டு வந்திருக்கேன், மூணு மணிக்குள்ள எடுத்துக்கங்க சார்” என்றார். ஒன்றரை மணிக்குப் படுத்தார், எடுத்தார்கள், ஒரு டீ குடித்தார், போய்விட்டார். இரத்த வங்கி ஒன்றும் கொடுக்கவில்லை. அந்தப் பையை அக்காவுக்கு ஏற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன்.

மறுநாள் அக்காவுக்கு நினைவு வந்ததும் கைபேசியில் அந்தப் பதிவைக் காட்டினேன். பம்ப் படத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “சிரிக்க வைக்காதடா, தையல் பிரிஞ்சிடும்! ரத்தம் கேக்கறதுக்கும் பொருளடக்கம் போட்டிருக்கார் பாருடா இந்த மனுஷன்!” என்றாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்று, “அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத. எண்ண எங்க போட்டோம், எத்தன மணி நேரம் வீணாச்சுன்னு ஆயுசு பூரா கணக்குப் போட்டுக்கிட்டு இருப்பார். ரத்த வங்கியில குடுத்தாங்கன்னு சொல்லிடு” என்றாள். ஆசிரியை அம்மாவிடமும் கேட்டுக்கொண்டாள். அவரும் சரி என்றார்.

சொன்னபடி இருந்தார் அத்தான். அக்கா இறந்த மாதம் நீங்கள் அவர் பெயரைப் பதினேழாவதாகப் போட்டீர்கள். நான் பதறிப்போய் அவரிடம் பேசினேன், உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று. “வேண்டாம். அவங்களுக்கு வாக்குக் குடுத்தேன். தவிர, யார் மேலயாவது கோபமா இருக்கிறவரைக்கும் அவர் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்” என்றார். மூன்று வருஷம் ஒரு மனுஷி உங்கள் கோபத்தை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் அவர் கதவுக்கடியில் சிவப்புக் கோடு செருகிவிட்டு வந்திருக்கிறீர்கள்! நேற்று எனக்குப் போன் செய்தார். அழவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குக் கோபம் வராது என்று நினைக்காதீர்கள். வந்திருக்கிறது. உங்கள் மேலும், பொய் சொன்ன என் மேலும், அக்கா மேலும்கூட.

அக்காவுக்குக் கொடுத்த வாக்கை இன்றைக்கு நான் மீறுகிறேன். இன்னொரு முப்பது பேர் பெயரை நீங்கள் ஊர் முன்னால் வைப்பதை அவளும் விரும்பமாட்டாள்.

கடவுச்சொல்: ‘பொருளடக்கம்’, ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த வாரம் அக்கா மாற்றி வைத்தது. உங்களுக்குத் தெரியக் கூடாது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இனி வலைப்பூ உங்கள் பாடு. பொத்தான் வேண்டாம் என்றால் பிடுங்கிப் போடுங்கள்.

உறவு முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதை மூன்று தடவை படித்தேன். அது பொருளடக்கத்தில் இல்லை அத்தான்.

உங்கள் மனைவியின் தம்பி


மார்ச் 3

மாப்பிள்ளை,

பட்டியலை எடுத்துவிட்டேன். இரண்டாவதையும் அழித்துவிட்டேன்.

முக்கியமானதை முதல் வரியில் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. மேலே உள்ள வரியை எழுதுவதற்குமுன் ஐந்து தாள் வீணாயிற்று. எல்லாவற்றிலும் எண் 1 மட்டும் இருக்கிறது.

உன் தாளைப் பார்த்த பிறகும் நம்பவில்லை. கைபேசியை எடுத்து, என் வலைப்பூவை முதல்முறையாக அதில் திறந்தேன். நான்கு ஆண்டுகளாக ஒரு தடவைகூட வாசகர் நிற்கும் இடத்தில் நின்று பார்த்ததில்லை. ‘மேலும் வாசிக்க’ என்பதைக் கண்டுபிடிக்க மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட வேண்டியிருந்தது. எங்கே இருக்கிறது என்று தெரிந்த எனக்கே.

அவள் சொன்னபடியே கணக்குப் போட்டேன். பதிவிட்டது காலை பத்து. அந்தத் தம்பி படுத்தது ஒன்றரை. மூன்றரை மணி நேரம். அந்த மூன்றரை மணியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் கேட்கவும் இல்லை. சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை இரண்டாம் மாடிக்குப் போனேன். என்ன பேசுவது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டுதான் போனேன். கதவைத் திறந்ததும் தாள் எந்தப் பையில் என்று மறந்துவிட்டது.

“உள்ள வாங்க சார். ஏன் படியில வந்தீங்க?”

“நான் பதினேழாவது பெயரை…” என்று தொடங்கினேன்.

“எடுத்துட்டீங்கன்னு பாத்தேன். போதும் சார். உக்காருங்க.”

“அந்தச் சிவப்புக் கோடு…”

“அது இங்கதான் இருக்கு” என்று மேசையைக் காட்டினார். வண்ணப் புட்டிகளுக்குக் கீழே விரித்திருந்தார். ஏழாம் பகுதியின்மேல் நீலமும் மஞ்சளும் சொட்டியிருந்தன. “நல்ல கனமான தாள் சார். தூரிகை துடைக்க நல்லா இருக்கு” என்றார். எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் சிரித்ததால் நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை, மாப்பிள்ளை. அவர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவருடைய தம்பி இப்போது நம் தெரு வழியாகவே வண்டி ஓட்டுகிறாராம், காலை எட்டு இருபதுக்கு. இன்று காலை நிறுத்தத்தில் நின்றேன். வண்டி வந்தது. நான் முன்வாசலில் ஏறி, படியிலேயே நின்று, “ஐயா, நான்கு ஆண்டுகளுக்கு முன்பு…” என்று ஆரம்பித்தேன். “சார், படியில நிக்காதீங்க, உள்ள போங்க” என்றார். உள்ளே போனேன். கடைசி நிறுத்தம்வரை உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் இறங்கிய பிறகு போய் நான் யார் என்று சொன்னேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார், பிறகு திரும்பிப் பார்த்தார். “அந்த பம்ப் படம் போட்டவரா நீங்க!” என்றார். “எங்க அக்கா அப்பவே சொல்லுச்சு, ‘டேய், மோட்டாருக்கு ரத்தம் கேக்கறாங்களான்னு பாரு’ன்னு.” பின்பு முகம் மாறி, “அம்மா போயிட்டாங்கன்னு அக்கா சொல்லுச்சு. வருத்தமா இருந்தது சார்” என்றார்.

நன்றி என்றேன். ஒரு சொல்தான். அதற்குமேல் எழுதி வைத்திருந்த ஆறு வரியும் தேவைப்படவில்லை.

“விடுங்க சார்” என்றார். “ஆமா, எங்க வீட்டு மோட்டார் போட்டதும் கடகடன்னு சத்தம் போடுது. என்னவா இருக்கும்?” எண்பத்தெட்டாம் பதிவைப் படியுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன் என்றேன். திருப்புளி எடுத்துவைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய பதிவைத் திருத்தினேன். பம்ப் படத்தை எடுத்தேன். பொருளடக்கத்தை எடுத்தேன், விரலில் ஏதோ வலித்தது. மடிப்பு இல்லை. ஏழு பகுதிகளுக்குப் பதில் இப்போது மூன்று வரி: ‘இரத்தம் கிடைத்துவிட்டது. ஒரு பேருந்து ஓட்டுநர் கொடுத்தார். என் மனைவி இன்னும் பதினொரு மாதம் எங்களோடு இருந்தாள். பகிர்ந்த எல்லோருக்கும் நன்றி.’ தேடுபவர்கள் கஷ்டப்படக் கூடாதே என்று எண்ணிப் பார்த்தேன். நான்கு வாக்கியங்கள், மூன்று வரி. சரிதான். உன் கருவியில் நீ நிறுத்தி வைத்திருந்த அந்த வசதியை நானே மறுபடி இயக்கி, இந்த ஒன்றை மட்டும் எடுத்துப் பரப்பச் சொன்னேன். பொத்தானையும் நானே அழுத்தினேன். முதல் தடவை வேறெதையோ அழுத்தினேன், இரண்டாவது தடவை சரியாக. கீழே பெட்டியில் ‘இதுவரை 1 நபர் பகிர்ந்துள்ளார்’ என்று வந்தது. அந்த ஒரு நபர் நான்தான்.

கடவுச்சொல்லை மாற்றவில்லை. மாற்றமாட்டேன். உனக்கும் தெரிந்திருக்கட்டும், நான் எதையாவது கெடுத்துவிட்டால் யாராவது சரிசெய்ய வேண்டுமே. அவள் அதைத் தட்டச்சு செய்துவிட்டு என்னைப் பார்த்திருப்பாள். நான் எதையோ எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

உறவைப் பற்றி எழுதிய வரியை அடித்துவிடு. உன்னிடம் இருக்கும் பிரதியில் நீயே அடிக்க வேண்டும். நான் இங்கிருந்து அடிக்க முடியாது. பொய் சொன்னதற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசை, கொஞ்சம் இருக்கிறது. அடுத்த மாதம் நீ வரும்போது அதைப் பேசித் தீர்ப்போம். நீ எனக்குச் செய்ததை நான் யாருக்கும் செய்ததில்லை என்றும் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

கூடவே இறங்கிவரும் அந்தப் பொத்தான்களை ஓர் இடத்தில் நிறுத்தி வை. தலைப்புகளை அது தொடக் கூடாது; இரண்டாவதில் என் கோபம் குறையவே இல்லை. எண்ணிக்கைப் பெட்டி இருக்கட்டும், நான் பழகிக்கொள்கிறேன். நான்காவதில் நீ ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டுவிட்டாய்.

பிப்ரவரி 9 அன்று ஐந்தாவதாக நான் எழுதியது தவறு.

அன்புடன்,
அத்தான்